140 மின்னஞ்சலும் ஒரு சாக்குப் பனங்கொட்டையும்

2022 மே மாதம் தீசிஸ் சமர்ப்பித்த அன்று, லேப் ஜூனியர்களுக்கு பஃப்ஸும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு, விடுதி அறைக்கு வந்து, போஸ்ட்டாக் (டாக்டர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை) கேட்டு வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பினேன். அடுத்த பதினோரு மாதங்களில் மொத்தம் 140. எக்செல்லில் வரிசையாகக் குறித்து வைத்திருந்ததால் எண்ணிக்கை சரியாகத் தெரியும். பேராசிரியர் பெயர், நாடு, அனுப்பிய தேதி, பதில் என்று நான்கு பத்தி. நான்காவது பத்தி பெரும்பாலும் காலி. பதில் போட்டவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஆறு பேர் "இப்போது நிதி இல்லை" என்றார்கள். இரண்டு பேர் "சொந்தமாக ஃபெல்லோஷிப் வாங்கி வந்தால் இடம் தருகிறேன்" என்றார்கள். ஒருவர் மட்டும் வரச் சொன்னார். அந்தக் கதை தனி.

அந்த மின்னஞ்சலை இப்போது எடுத்துப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. "ரெஸ்பெக்டட் சார், கிரீட்டிங்ஸ் ஆஃப் த டே" என்று ஆரம்பிக்கும். பெறுபவர் பெண் பேராசிரியராக இருந்தாலும் சார்தான், பெயரை மட்டும் மாற்றி ஒட்டியதால் வந்த வினை. "உங்கள் எஸ்டீம்டு லேபில் சேர்ந்து பணியாற்றும் பொன்னான வாய்ப்பை" என்று நடுவில் ஒரு வரி. கூடவே நான்கு பக்க பயோடேட்டா. அப்பா பெயர், திருமண நிலை, தாய்மொழி, பாஸ்போர்ட் எண், கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை" என்ற உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து. உள்ளூர்க் கல்லூரியில் வேலைக்கு மனுப் போடும் பழக்கம் அப்படியே வெளிநாட்டுக்கும் போயிருந்தது. என் ஆராய்ச்சி என்ன என்பது இரண்டாம் பக்கத்தின் அடியில் வரும். அதுவரை யார் படிப்பார்கள்?

ஆராய்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நான் மின்வேதியியல். தமிழ்நாட்டில் எங்கள் துறைக்காரர்கள் கரியாக்காத பொருள் இல்லை. தேங்காய்ச் சிரட்டை, புளியங்கொட்டை, வாழைத்தண்டு, வேப்பங்கொட்டை என்று எது கிடைத்தாலும் ஃபர்னஸில் வைத்துக் கரியாக்கி, சூப்பர்கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்து வேகமாகத் திருப்பித் தரும் சாதனம்) செய்து, பேப்பர் போடுவோம். எனக்கு ஊர் திருச்செந்தூர்ப் பக்கம் என்பதால் பனங்கொட்டை. கடைசி இரண்டு வருடம் அதே கரியைச் சோடியம் அயனி பேட்டரிக்குப் பயன்படுத்திப் பார்த்தேன். லித்தியம் பேட்டரியில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் சோடியம் சரியாக நுழையாது. அதனால் ஹார்டு கார்பன் என்கிற ஒழுங்கற்ற கரி தேவை. ஆயிரம் டிகிரிக்கு மேல் ஆர்கான் வாயுவில் சுட்டால் பனங்கொட்டை ஓடு அருமையான ஹார்டு கார்பன் ஆகிறது.

வரச் சொன்ன ஒருவர் தென்கொரியாவில் இருந்தார். மின்னஞ்சல் அனுப்பிய மூன்றாவது நாளே ஸ்கைப்பில் இருபது நிமிடம் பேசினார், சம்பளம் சொன்னார், "டிசம்பரில் சேர முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். அங்கே ஆராய்ச்சியாளர்களுக்கான இ-3 விசாவுக்கு டாக்டர் பட்டச் சான்றிதழில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் செல்லும்படி நம் அரசு குத்தும் முத்திரை, வேண்டும். முத்திரை குத்தச் சான்றிதழ் இருக்க வேண்டும், சான்றிதழுக்கு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்திருக்க வேண்டும், வைவாவுக்கு வெளிநாட்டுத் தேர்வாளரின் அறிக்கை வந்திருக்க வேண்டும். அந்த அறிக்கைதான் வரவில்லை. தேர்வுப் பிரிவில் கேட்டால் "நினைவூட்டல் அனுப்பியாச்சும்மா" என்பார்கள். வாரம் ஒருமுறை போய் நின்றேன். கடைசியில், அந்தத் தேர்வாளருக்கு என் தீசிஸ் போய்ச் சேரவே இல்லை, பட்டியலில் இருந்த முகவரி பழையது என்று தெரிந்தது. வேறொருவருக்கு அனுப்பி, அறிக்கை வந்து, 2023 பிப்ரவரியில் வைவா நடந்தது. கொரியப் பேராசிரியர் ஜனவரி வரை பொறுத்தார். பிறகு மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினார். அவர் மேல் தப்பில்லை, அவருடைய திட்ட நிதி அந்த நிதியாண்டுக்குள் செலவாக வேண்டும். தீசிஸ் கொடுக்கப் போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: தேர்வாளர்களின் மின்னஞ்சல் முகவரி இப்போதும் அதுதானா என்று கொடுக்கும் முன்பே பார்த்து விடுங்கள்.

வைவா முடிந்து தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கையில் வந்த பிறகு, ஒரு சீனியர் அக்கா சொல்லி மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு எழுதினேன். ஐரோப்பிய ஆணையத்துடையது, ஒவ்வொரு வருடமும் செப்டம்பரில் கடைசித் தேதி வரும். டாக்டர் பட்டம் முடிந்திருக்க வேண்டும், பட்டத்துக்குப் பிறகு எட்டு ஆண்டுக்கு மேல் ஆராய்ச்சி அனுபவம் இருக்கக்கூடாது, போகப்போகும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக்கூடாது. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இதெல்லாம் தானாகவே பொருந்தும். பெல்ஜியத்தில் ஒரு பேராசிரியர் ஒப்புக்கொண்டார். பத்துப் பக்கத் திட்டம் எழுத மூன்று மாதம் ஆனது. நூற்றுக்கு 81 மதிப்பெண் வந்தது, கிடைக்கவில்லை. 85 எடுத்தால் ஒரு தகுதி முத்திரையாவது தருவார்கள், அதுவும் இல்லை. அந்த 2023 சுற்றில் 8,039 பேர் விண்ணப்பித்ததில் 1,249 பேருக்குக் கிடைத்தது. அந்த எண்களைப் பார்த்த பிறகு அழுகை கொஞ்சம் குறைந்தது.

ஆனால் அந்தப் பத்துப் பக்கம் எழுதும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. பெல்ஜியப் பேராசிரியர் என் முதல் வரைவைப் பார்த்துவிட்டு, "நீங்கள் இதுவரை செய்ததை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் லேபில் நடக்காமல் நிற்கிற எந்த வேலையை நீங்கள் வந்தால் நடத்த முடியும் என்று எழுதவில்லையே" என்றார். 140 மின்னஞ்சலிலும் நான் செய்தது அதுதான். எனக்கு வேலை வேண்டும், என்னிடம் இத்தனை பேப்பர் இருக்கிறது, அவை வந்த இதழ்களின் மதிப்பைக் காட்டும் இம்பாக்ட் ஃபாக்டர் இத்தனை. படிக்கிறவருக்கு இதில் என்ன இருக்கிறது?

அவர் இன்னொன்றும் சொன்னார், கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொன்னார். என் பரிந்துரைக் கடிதங்கள் இரண்டிலும் ஒரு வாக்கியம் அட்சரம் பிசகாமல் ஒன்றாக இருக்கிறதாம். இருக்கத்தானே செய்யும், இரண்டையும் எழுதியவள் நான்! நம் ஊர் வழக்கம் தெரிந்ததுதான். "நீயே அடிச்சுக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்பார் என் கைடு சார். துறைத் தலைவரும் அப்படியே. நானும் இரண்டிலும் "சின்சியர், ஹார்டு வொர்க்கிங், வெரி கோஆப்பரேட்டிவ்" என்று என்னையே புகழ்ந்து வைத்திருந்தேன். அங்கே அந்தச் சொற்களுக்கு மதிப்பில்லை என்பதைவிட மோசம், "வேறு சொல்ல ஒன்றுமில்லை" என்று படிப்பார்களாம். அதன் பிறகு சாரிடம் போய் உட்கார்ந்து, "சார், நான் உங்களிடம் செய்த ஏதாவது ஒரு வேலை உங்களுக்கு நினைவிருந்தால் அதை மட்டும் எழுதுங்கள்" என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தவர், இரண்டாம் வருடத்தில் பொட்டன்ஷியோஸ்டாட் என்கிற எங்கள் அளவீட்டுக் கருவி பழுதானபோது நான் கம்பெனி ஆளோடு போனில் பேசிப் பேசியே சரிசெய்ததை எழுதினார். எனக்கே மறந்துபோன விஷயம். ஆறு வரிக் கடிதம், இலக்கணப் பிழை இரண்டு. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததில் அதற்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பதவிப் பெயர்க் குழப்பத்தால் நான் விட்ட வாய்ப்புகளையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஆர்.ஏ. என்றால் ரிசர்ச் அசோசியேட், டாக்டர் பட்டம் முடித்தவர்களுக்கு. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் ஜே.ஆர்.எஃப்.புக்கு 37,000 ரூபாய் என்றால் ஆர்.ஏ.வின் முதல் படிக்கு 58,000. பிரிட்டனில் ஆர்.ஏ. என்று பேச்சுவாக்கில் சொன்னால் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ரிசர்ச் அசோசியேட் என்பது போஸ்ட்டாக்தான், அங்கே பல பல்கலைக்கழகங்கள் போஸ்ட்டாக் என்ற சொல்லையே விளம்பரத்தில் போடுவதில்லை. ரிசர்ச் அசிஸ்டென்ட் என்பது பட்டம் இன்னும் கைக்கு வராதவர்களுக்கு. தீசிஸ் கொடுத்துவிட்டு வைவாவுக்குக் காத்திருந்தால் அசிஸ்டென்டாகச் சேர்த்துக்கொண்டு, பட்டம் வந்ததும் அசோசியேட்டாக உயர்த்தும் வழக்கமும் உண்டு. இது தெரிந்திருந்தால் 2022இல் நான் வெறுமனே காத்திருந்திருக்க வேண்டாம். ஜெர்மனியில் இன்னொரு கூத்து. விசென்ஷாஃப்ட்லிஷர் மிட்டார்பைட்டர் என்று ஒரு பதவி. பி.எச்டி. மாணவருக்கும் அதே பெயர், போஸ்ட்டாக்குக்கும் அதே பெயர், ஆங்கிலத்தில் ரிசர்ச் அசிஸ்டென்ட் என்று மொழிபெயர்த்திருப்பார்கள். "நமக்கு எதற்கு உதவியாளர் வேலை" என்று நான் தாண்டிப் போன விளம்பரங்களில் பாதி முழுச் சம்பளப் போஸ்ட்டாக் இடங்கள். சம்பள அட்டவணையில் இ13, 100 சதவீதம் என்று இருக்கிறதா, தகுதியில் டாக்டர் பட்டம் கேட்கிறார்களா என்று பார்த்தால் போதும், பதவிப் பெயரைப் பார்க்க வேண்டாம்.

தேடும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஐரோப்பா முழுவதற்கும் யூராக்செஸ், பிரிட்டனுக்கு ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே, நெதர்லாந்துக்கு அகாடெமிக் டிரான்ஸ்ஃபர், நார்வேக்கு ஜாப்நோர்கே. தினமும் மேய வேண்டாம், சொற்களைக் கொடுத்து மின்னஞ்சல் எச்சரிக்கை வைத்துவிட்டால் தானாக வரும். காசு வாங்கிக்கொண்டு போஸ்ட்டாக் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் ஒருவரும் என்னைத் தொடர்புகொண்டார். எந்தப் பல்கலைக்கழகமும் வேலை கொடுக்கக் காசு கேட்காது, அவ்வளவுதான்.

2024 மார்ச்சில் வட இங்கிலாந்தில் ஒரு குழுவின் பேப்பர் படித்தேன். கடையில் வாங்கிய தேங்காய்ச் சிரட்டையில் ஹார்டு கார்பன் செய்திருந்தார்கள். முதல் சார்ஜிலேயே சோடியத்தில் ஒரு பகுதி கரியில் மாட்டிக்கொண்டு திரும்பி வராது, எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் இந்த வேலையில் எல்லோருக்கும் தலைவலி. அவர்களுக்கு அது மூட்டைக்கு மூட்டை மாறிக்கொண்டிருந்தது, காரணம் ஆராயப்படவில்லை என்று ஒரு வரியில் முடித்திருந்தார்கள். எனக்கு ஒரு காரணம் தெரியும் என்று தோன்றியது. எங்கள் ஊரில் பனங்கொட்டையை மண்ணில் புதைத்துவைத்து, பொங்கலுக்குக் கிழங்கு எடுப்போம். எடுத்த பிறகு கிடக்கும் ஓடு ஐப்பசி கார்த்திகை மழையை முழுதும் குடித்தது. பழம் தின்றுவிட்டு வெயிலில் காயப்போட்ட கொட்டையின் ஓடு வேறு. என் அளவீட்டில் மண்ணில் கிடந்த ஓட்டில் பொட்டாசியம் மிகக் குறைவு, சாம்பலும் குறைவு, முதல் சுற்று இழப்பும் குறைவு. மழை கழுவிவிட்டது. தீசிஸில் பின்னிணைப்பில் தள்ளிவிட்ட அட்டவணை அது.

எட்டு வரியில் எழுதினேன். உங்கள் சிரட்டை எங்கே, எந்தப் பருவத்தில் சேகரித்தது என்று தெரியுமா, சாம்பலில் பொட்டாசியம் அளந்தீர்களா, என்னிடம் இப்படி ஒரு அட்டவணை இருக்கிறது, இணைத்திருக்கிறேன். வேலை வேண்டும் என்பது கடைசி வரியில் மட்டும். மறுநாள் பதில் வந்தது. முதல் பாதி முழுக்கக் கேள்விகள். இரண்டாம் பாதியில், இப்போது பணம் இல்லை, ஒரு திட்டத்துக்கு நிதி கிடைக்குமா என்ற முடிவு வசந்தத்தில் வரும், கிடைத்தாலும் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது, விளம்பரம் வரும்போது எல்லோரையும் போல விண்ணப்பிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

"பணம் இல்லை" என்பதற்கு எனக்கு அன்றுதான் பொருள் புரிந்தது. அது தட்டிக்கழிப்பது இல்லை. அங்கே போஸ்ட்டாக் சம்பளம் பெரும்பாலும் துறையிடமிருந்து வருவதில்லை, அந்தப் பேராசிரியர் எழுதி வென்ற திட்டத்திலிருந்து வருகிறது. திட்டம் கிடைத்து விளம்பரம் போடும்வரை அவர் கையில் கொடுக்க ஒன்றும் இருக்காது. முன்பு "நிதி இல்லை" என்ற ஆறு பேரில் ஒருவருக்கும் நான் திரும்ப எழுதியதே இல்லை. ஆறு மாதம் கழித்து எழுதியிருக்க வேண்டும்.

ஜூனில் விளம்பரம் வந்தது. 24 மாதம், சம்பளம் வருடத்துக்கு 38 ஆயிரம் பவுண்டு சொச்சத்தில் ஆரம்பம். அதோடு ஒரு தகுதிப் பட்டியல். அவசியமானவை ஒன்பது, இருந்தால் நல்லது என்று நான்கு. இந்தப் பட்டியலை நான் முன்பெல்லாம் படித்ததோடு சரி. சீனியர் அக்கா, அவர் இப்போது ஸ்காட்லாந்தில் இருக்கிறார், போனில் சத்தம் போட்டார்: "அது வினாத்தாள்டி! ஒவ்வொரு வரிக்கும் மார்க் போடுவாங்க. ஒண்ணுக்கு விடை எழுதலைன்னா நீ நோபல் வாங்கியிருந்தாலும் ஷார்ட்லிஸ்ட் ஆக மாட்ட." அவர் சொன்னபடி ஒன்பதையும் அதே வரிசையில் தலைப்பாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரி. "குழுவாகப் பணியாற்றும் திறன்" என்பதற்குக்கூட ஒரே ஃபர்னஸை ஏழு ஸ்காலர்கள் பங்குபோட நான் சுவரில் ஒட்டிய கால அட்டவணையை எழுதினேன்.

நேர்காணல் ஆகஸ்ட் முதல் வாரம், நம் நேரம் பிற்பகல் மூன்று மணி. ஆடி மாதம். தெருமுனை அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள், குழாய் ஒலிபெருக்கி எங்கள் வீட்டு மாடியைப் பார்த்துக் கட்டியிருக்கிறது. அம்மா போய் மைக்செட் பையனிடம், "தம்பி, பிள்ளைக்கு லண்டன் இன்டர்வியூ, ஒரு மணி நேரம் அமத்தி வைப்பா" என்று கேட்டிருக்கிறாள். (லண்டன் இல்லை, ஆனால் அம்மாவுக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான்.) அவன் முழுதாக அணைத்துவிட்டான். தெருவே அமைதியாக இருக்க, நான் மட்டும் மாடியில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்று பேர் குழு. பத்து நிமிடம் என் பேச்சு, பிறகு எல்லோருக்கும் கேட்கும் அதே கேள்விகள். பொட்டாசியம் பற்றி நன்றாகப் போனது. "உடன் வேலை செய்பவரோடு கருத்து வேறுபாடு வந்தபோது எப்படிக் கையாண்டீர்கள்?" என்றபோது மூளை நின்றுவிட்டது. ஆறு வருடத்தில் கைடோடு கருத்து வேறுபாடு என்று வெளியில் சொல்ல ஏதாவது இருக்கிறதா? சமாளித்து, ஒரு ஜூனியர் ஆர்கான் ஓட்டத்தைச் சரிபார்க்காமல் ஃபர்னஸைப் போட்டதையும், அவனைத் திட்டாமல் கதவில் சரிபார்ப்புப் பட்டியல் ஒட்டியதையும் சொன்னேன். "அந்தப் பட்டியல் வேலை செய்ததா?" என்று ஒருவர் கேட்டார். "இரண்டு வாரம் செய்தது" என்றேன். மூவரும் சிரித்தார்கள்.

எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் இடம், காத்திருப்பில் வைத்திருக்கிறோம் என்று மின்னஞ்சல். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து, அரசின் தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டாவது நாள், முதல் ஆள் வேறு இடத்துக்குப் போய்விட்டார், இன்னும் விருப்பமா என்று கேட்டு வந்தது.

அதன் பிறகு தாள் வேலை. பரிந்துரை கேட்டு அந்தப் பல்கலைக்கழக மனிதவளத் துறை என் கைடு சாருக்கு அனுப்பிய தானியங்கி மின்னஞ்சல் ஸ்பாமில் கிடந்தது. ஜிமெயில் செல்லாது, பல்கலைக்கழக முகவரி வேண்டும் என்றார்கள். சாரின் பல்கலைக்கழக அஞ்சல் பெட்டி நிரம்பி வழிந்தது, நானே பக்கத்தில் உட்கார்ந்து 2016இன் சுற்றறிக்கைகளை அழித்தேன். என் துறைக்கு ஏட்டாஸ் என்ற பாதுகாப்பு அனுமதி தேவை. அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் எனக்கு ஐந்து வாரம் எடுத்தது. சென்னையில் காசநோய்ப் பரிசோதனை. விசாக் கட்டணம் அப்போது 719 பவுண்டு, அதற்கு மேல் மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண்டு வீதம் மொத்த காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டியிருந்தது. நம் காசில் இரண்டரை லட்சத்துக்கு மேல் போனது. அம்மாவின் இரண்டு வளையல் கூட்டுறவு வங்கிக்குப் போனது. பல்கலைக்கழகம் திருப்பித் தருமா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டேன், விசாப் பணத்தையும் மருத்துவக் கட்டணத்தையும் சேர்ந்த இரண்டாம் மாதம் தந்தார்கள். கேட்காதிருந்தால் தந்திருக்க மாட்டார்கள், படிவமே தனி.

2025 ஜனவரியில் சேர்ந்தேன். முதல் வாரமே பேராசிரியர், மண்ணில் கிடந்த ஓடும் காய்ந்த ஓடும் தனித்தனியாக இரண்டு கிலோ கிடைக்குமா என்று கேட்டார். செடிப் பொருள் என்பதால் பச்சையாக அனுப்ப ஏகப்பட்ட சிக்கல், ஊரிலேயே கரியாக்கி அனுப்பலாம் என்று முடிவானது. அத்தைக்குப் போன் போட்டு, கிழங்கு எடுத்த கொட்டை ஒரு சாக்கும் காய்ந்தது ஒரு சாக்கும் எடுத்து வைக்கச் சொன்னேன்.

"ஏட்டி, அடுப்பெரிக்கிற சாமானுக்கா அவ்வளவு தூரம் போன?" என்றாள். பிறகு, காய்ந்தது கிலோ என்ன விலை கொடுப்பார்கள் என்று கேட்டாள்.